கோட்டுக்குள்ள ஒரு ஓணான்

மாப்ளே, நீ துப்பாக்கி லைசன்சுக்கு மனு போடப் போறியாமே. என் தங்கச்சி போன்ல சொன்னா. சொல்லும்போதே குரல் கம்மிப் போச்சு. நான்தான் தேத்தி வச்சேன். "ஏத்தா, உன் மகன் குர்கான்ல ஃபிளாட்டு விக்கிறவன். பெரிய எடத்துப் பழக்கம். சத்தர்பூர் பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டுப் போறான். கோட்டுக்குள்ள என்னமாச்சும் இருந்தாத்தான எடுப்பா இருக்கும்"னேன். நம்ம வம்சத்துல இன்னைக்கு வரைக்கும் இடுப்புல செருகுனது பொடிமட்டையும் சுருக்குப் பையுந்தான். நீ ஒருத்தன் தலையெடுத்து ரிவால்வர் செருகப் போற. நல்லா இரு.

மனு எழுதுறதுக்கு முந்தி தையக்காரன் சொல்றதை மட்டும் கேட்டுக்க. முனிர்க்கா சந்துக்குள்ள காலங்காலமா கோட்டு வெட்டுறவன் நான். இடுப்பைச் சுத்தி இஞ்சு டேப்பைப் போட்டதுமே இவன் துப்பாக்கிக்காரன்னு சொல்லிருவேன். மத்தவன் வயித்தை எக்கிக்கிட்டு நிப்பான். இவன் தள்ளிக்கிட்டு நிப்பான். "மாஸ்டர்ஜி, கமர் தோடா டீலா ரக்னா"ம்பான். இடுப்பைக் கொஞ்சம் லூசா விடணுமாம். எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். அவன் சொல்லாம இருக்கவும் மாட்டான்.

ரிவால்வர்னா கனம் இல்லாத சாமான்னு நெனச்சியா? கான்பூர் சர்க்கார் ஆலையில 2014ல பொம்பளைங்களுக்குன்னே 'நிர்பீக்'னு ஒண்ணு செஞ்சு இறக்குனாங்க. டைட்டானியம் கலந்தது, கைப்பையில போட்டா இருக்கிறதே தெரியாதுன்னாங்க. அந்த லேசே அரைக்கிலோ. விலை அன்னைக்கே ஒரு லட்சத்து இருபத்திரெண்டாயிரம் சொச்சம். அரைக்கிலோவை இடுப்புல ஒரு பக்கமா மாட்டுனா பேண்ட்டு அந்தப் பக்கமா இறங்கும். நீ தூக்குவ. மறுபடி இறங்கும். பந்தி முடியிற வரைக்கும் ஒரு கை தட்டுல, ஒரு கை இடுப்புல. பாக்கிறவன் உன் உயிருக்கு ஆபத்துன்னு நெனைக்க மாட்டான் மாப்ளே, அரிப்புன்னு நெனைப்பான்.

கோட்டுக்குப் போடுற மெல்லிசு பெல்ட்டு அந்தக் கனத்துக்கு மடங்கிக்கும். மாட்டுக்குக் கட்டுற வார் மாதிரி தடிச்ச பெல்ட்டு போடணும்னா, பேண்ட்டு லூப்பு எல்லாத்தையும் பிரிச்சு அகலமாத் தைக்கணும். அதுக்கு அப்புறம் கோட்டு. பின்னாடி நடுவுல வெட்டு வச்சுத் தச்சா, குலாப் ஜாமூன் எடுக்க நீ குனியிறப்போ வெட்டு விரிஞ்சு பிடி எட்டிப் பாக்கும். ரெண்டு பக்கமும் வெட்டு வச்சா காத்தடிக்கும்போது பாக்கும். வெட்டே இல்லாம ஒட்டத் தச்சா, புட்டத்துக்கு மேல இன்னொரு குட்டிப் புட்டம் முளைச்சாப்ல நிக்கும். போட்டோ எடுக்கிற பய அங்கதான் ஃபோகஸ் பண்ணுவான்.

பட்டன் இருக்கே, அது தனிக் கதை. போட்டா கை உள்ள போகாது. திறந்தா ஊருக்கே தெரியும். எதிராளி பாஞ்சு வரும்போது, "அண்ணே, ஒரு நிமிசம் பொறுங்க, நடுப் பட்டன் இறுக்கமா இருக்கு"ன்னு தவணை கேக்கணும். பந்த்கலா போடலாம்னு பாத்தியோ? கழுத்து வரைக்கும் பூட்டுன உடுப்பு. உன் துப்பாக்கியை எடுக்க நீயே பூட்டை உடைக்கணும். ஷேர்வானின்னா அதை விட விசேசம். வெளிய ஜரிகையும் கல்லுமா மினுங்கும். உள்ள இருக்கிறது பைஜாமா. அந்தப் பைஜாமாவைப் பிடிச்சு நிறுத்துறது ஒரு நாடா. நாடாவை நம்பி ரிவால்வர் வச்சவன் கல்யாணத்துல பாங்க்ரா ஆடக்கூடாது. அம்புட்டுத்தான் சொல்வேன்.

இன்னும் இருக்கு கேளு. தில்லிக்காரன் தூர நின்னு கும்பிட்டு விடுறவன் இல்ல. கட்டிப்பிடிச்சு முதுகில நாலு தட்டுத் தட்டுவான். தட்டுற கை கொஞ்சம் இறங்குனா உன் ரகசியம் அவன் கைக்குள்ள. ஒண்ணுக்குப் போற எடத்துல அதை எங்க வைப்ப? பேண்ட்டை அவுத்தா உறையோட தரைக்கு வரும். தொட்டி மேல வச்சிட்டு, போன்ல பேசிக்கிட்டே மறந்து வந்துட்டேன்னு வையி. அடுத்து உள்ள போற மாமாக்காரர் என்ன பண்ணுவாருன்னு யோசிச்சுப் பாரு.

இதுக்குன்னே பொறந்த உடுப்பு ஒண்ணு உண்டு. சஃபாரி. சட்டையை வெளிய விட்டு நேரா வெட்டியிருக்கும், இடுப்புல எது இருந்தாலும் மூடிக்கும். மந்திரிமாருக்குப் பின்னாடி ஓடுற பாதுகாப்புப் போலீஸ்காரங்க அதைத்தான் போடுறாங்க. உனக்கும் ஒண்ணு தச்சுத் தரேன். ஆனா அதைப் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்குப் போனா, உன்னை யாரோ பெரிய மனுசனோட மெய்க்காப்பாளன்னு நெனச்சு டிரைவர்மார் பந்தியில உக்கார வச்சிருவாங்க.

சரி, உடுப்பு முடிஞ்சது. சட்டத்துக்கு வருவோம். 2016 ஆயுத விதிகள்ல 32ஆவது விதி என்ன சொல்லுது தெரியுமா? பொது எடத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோனா, அதுக்குன்னு செஞ்ச உறையில போட்டு உடம்போட மாட்டியிருக்கணும், இல்லாட்டி பைக்குள்ள இருக்கணும். முழுசா மூடியிருக்கணும். உன் கட்டுப்பாட்டுல இருக்கணும். வெளிய எடுத்து ஆட்டிக் காட்டினா லைசன்சு ரத்தாகும், துப்பாக்கியும் பறிபோகும். சுருக்கமாச் சொன்னா, வச்சுக்கிடலாம், ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது.

இங்கதான் மாப்ளே இடிக்குது. ஒருத்தனுக்கும் தெரியாம வச்சுக்கிடவா நீ லட்ச ரூபா குடுக்கப் போற? மைனர் சங்கிலி தெரியட்டும்னு சட்டையில மேல் பட்டன் ரெண்டைத் திறந்து விடுறவன் நீ. என் கடைக்கு வர்ற துப்பாக்கிக்காரன் ஒருத்தனும் "தெரியாமத் தைங்க"ன்னு மனசாரக் கேட்டதில்லை. வாயால அப்படிச் சொல்வான். ட்ரையல் பாக்கும்போது கண்ணாடி முன்னால நின்னு, கையை மேல தூக்கி, கோட்டு விலகுதான்னு பாப்பான். விலகலைன்னா முகம் வாடிரும். பார்க்கிங் தகராறுல, கேட்டுல நிக்கிற பௌன்சர் முன்னால, பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால, எதேச்சையா விலகுற மாதிரி அது விலகணும். மறைக்கிறதுக்குக் கோட்டு, காட்டுறதுக்குத் துப்பாக்கி. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுச் சாகிறவன் தையக்காரன்.

லைசன்சு வாங்குறதும் ஒரு திருவிழாதான். தில்லியில போலீசோட லைசன்சுப் பிரிவு குடுக்கும். 21 வயசு ஆகியிருக்கணும், உனக்குத் தலையில நரை விழுந்தாச்சு, அது பிரச்சினை இல்லை. மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. சினிமாவுல அஜித் சுத்துற 9 எம்.எம். உனக்குக் கிடையாது, அது தடை பண்ணின ரகம். உனக்கு .32, இல்லைன்னா .22. மத்தியப் பிரதேசத்துப் பக்கம் இந்த லைசன்சு மோகத்தை அதிகாரிங்க எப்பிடிக் கறந்தாங்கன்னு கேட்டா உனக்கே சிரிப்பு வரும். 2008ல சிவ்புரி மாவட்டத்துல குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு ஆம்பளை வர மாட்டேங்கிறான்னு, ஆபரேசன் பண்ணிக்கிட்டவனுக்கு லைசன்சு சீக்கிரம்னு கலெக்டர் அறிவிச்சாரு. அம்புட்டு நாளா வெக்கப்பட்டவங்க வந்து படுத்தாங்க. ஒரு மாப்பிள்ளை முறுக்கைக் குடுத்துட்டு இன்னொரு மாப்பிள்ளை முறுக்கை வாங்கிக்கிட்டாங்க. 2019ல குவாலியர்ல, பத்து மரக்கன்னு நட்டு அதோட செல்ஃபி எடுத்துட்டு வான்னாங்க. அந்த வருசக் கடைசிக் குளிர்ல கோசாலை மாட்டுக்குப் பத்துக் கம்பளி குடுத்துட்டு வான்னாங்க. இந்தச் சாமானால ஊருக்கு நல்லது நடந்ததுன்னா அந்த மரமும் கம்பளியுந்தான்.

உள்துறைக் கணக்குல, 2016 முடிவுல நாடு பூரா 33 லட்சத்துக்கு மேல லைசன்சு. உத்தரப் பிரதேசத்துல மட்டும் 12 லட்சத்துக்கு மேல. நம்ம தமிழ்நாடு பூராவுக்கும் 22 ஆயிரம் சொச்சம். அரிவாள் இருக்கும்போது அது எதுக்குன்னு நம்மாளு விட்டுட்டான் போல. அந்தப் பெருமையும் நமக்கு வேண்டாம்.

வேடிக்கையை ஓரமா வையி. நீ போற அதே விருந்து, அதே தில்லி, அங்க நடந்ததைச் சொல்றேன். 1999 ஏப்ரல் 29 ராத்திரி, மெஹ்ரோலியில குதுப் மினார் தெரியிற மாதிரி ஒரு விருந்து மண்டபம். ஜெசிக்கா லால்னு ஒரு பொண்ணு பார்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. நடுராத்திரி தாண்டிருச்சு, சரக்கு தீந்துபோச்சு. மத்திய மந்திரியா இருந்தவரோட மகன் மனு சர்மா வந்து ஒரு கிளாசு கேட்டான். இல்லைன்னுச்சு. .22 பிஸ்டல் வெளிய வந்துச்சு. மொதக் குண்டு கூரைக்கு, அடுத்தது அந்தப் பொண்ணு தலைக்கு. அம்புட்டுப் பெரிய மனுசங்க கூடின எடத்துல நடந்தும் 2006 பிப்ரவரியில கீழ்க்கோர்ட்டு விடுதலை பண்ணிருச்சு. ஊர் கொந்தளிச்சுது. அதே டிசம்பர்ல ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை குடுத்தது, 2010ல சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி பண்ணுச்சு. அந்தப் பிஸ்டல் மட்டும் கடைசி வரைக்கும் அகப்படலை.

ஒரு கிளாசு இல்லைங்கிற பதிலுக்கு, இடுப்புல ஒண்ணும் இல்லாத குடிகாரன் என்ன பண்ணியிருப்பான்? ரெண்டு கெட்ட வார்த்தை பேசியிருப்பான். மேசையைத் தட்டியிருப்பான். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்துட்டுப் படுத்திருப்பான். நீ குடிக்க மாட்டேன்னு உங்கம்மா நம்புறா. நான் அந்தப் பேச்சுக்குள்ள போகலை.

2012 நவம்பர் 17 அன்னைக்கு, இதே சத்தர்பூர்ல, சாராய வியாபாரத்துல கோடிகோடியாச் சம்பாதிச்ச பான்டி சட்டாவும் அவர் தம்பியும் பண்ணை வீட்டுத் தகராறுல மோதுனாங்க. ரெண்டு பக்கமும் துப்பாக்கி. அண்ணனும் போனாரு, தம்பியும் போனாரு. பண்ணை வீடு இருக்கு.

2018 அக்டோபர்ல இன்னொண்ணு. பிகாஜி காமா பிளேஸ் பக்கத்து ஐந்து நட்சத்திர ஓட்டல் வாசல்ல, உத்தரப் பிரதேச முன்னாள் எம்.பி. ஒருத்தரோட மகன் லைசன்சு பிஸ்டலைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு ஜோடியைத் திட்டிக்கிட்டு நின்னாரு. அதை ஒரு போன் படம் பிடிச்சிருச்சு. ரோஸ் கலர் பேண்ட்டு. நாடு பூரா அந்தப் பேண்ட்டைத்தான் மொதப் பாத்துச்சு, துப்பாக்கியை ரெண்டாவதாப் பாத்துச்சு. ரெண்டு மூணு நாள்ல பட்டியாலா ஹவுஸ் கோர்ட்டுல சரணடைஞ்சாரு. சுடலை, யாருக்கும் காயமும் இல்லை. காட்டினதுக்கே அந்த வரத்து.

அதே வருசம் டிசம்பர் 31 ராத்திரி, ஃபதேபூர் பேரி பக்கத்துப் பண்ணை வீட்டுல புது வருசக் கொண்டாட்டம். சந்தோசத்துல வானத்தைப் பாத்துச் சுடுறது இங்க ஒரு பழக்கம். ஆடிக்கிட்டிருந்த ஒரு பொம்பளை தலையில குண்டு பாஞ்சு செத்துப்போச்சு. 2019 டிசம்பர்ல ஆயுதச் சட்டத்தைத் திருத்துனப்போ இந்தக் கொண்டாட்டச் சூட்டுக்குன்னே ஒரு குத்தம் சேத்தாங்க. ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். ஒருத்தன் மூணு துப்பாக்கி வச்சுக்கிடலாம்னு இருந்ததை ரெண்டாக் குறைச்சாங்க. ஒரு மனுசனுக்கு இருக்கிறது ரெண்டே இடுப்புப் பக்கம், கணக்குச் சரிதான்.

நம்ம சிவகாசிச் சரவெடியை 2020ல இருந்து தில்லியில வருசா வருசம் தடை பண்ணுனாங்க. 2025 தீபாவளிக்குத்தான் பசுமைப் பட்டாசுக்கு சுப்ரீம் கோர்ட்டு சில நாள் தளர்த்தி விட்டுச்சு. ஊசிப் பட்டாசு வெடிக்கப் பயந்த ஊர்ல ரிவால்வருக்கு உறை தைக்கச் சொல்லி என்கிட்ட வர்றாங்க. யார்கிட்டப் போய் அழ?

இல்லை மாமா, நான் காட்டுறதுக்கு இல்லை, பாதுகாப்புக்குத்தான்கிறியா? இந்த ஊர்லயே அதுக்கும் ஒரு பதில் இருக்கு. 1984 அக்டோபர் 31 காலையில, சப்தர்ஜங் ரோடு ஒண்ணாம் நம்பர் வீட்டுல இருந்து டிவி பேட்டிக்காகப் பக்கத்து அலுவலகத்துக்கு நடந்து போனாங்க இந்திரா காந்தி. குண்டு துளைக்காத உடுப்பு வச்சிருந்தும் அன்னைக்குப் போடலை. சுட்டது யாரு? காவலுக்கு நிறுத்தின ரெண்டு போலீஸ்காரங்கதான். பியாந்த் சிங் கையில ரிவால்வர், சத்வந்த் சிங் கையில ஸ்டென் கன். நாட்டுலேயே பெரிய பாதுகாப்பு அவங்களைச் சுத்தி இருந்துச்சு, அந்தப் பாதுகாப்புக்குள்ள இருந்துதான் சாவு வந்துச்சு. அடுத்த வருசந்தான் எஸ்.பி.ஜி.யைத் தொடங்குனாங்க.

நம்ம ஊர்லயும் பாத்தோமே. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டத்துக்கு எம்.ஆர்.ராதா பேசத்தான் போனாரு. எத்தனையோ படத்துல சேந்து நடிச்ச ரெண்டு பேரு. பேச்சு முடிஞ்சப்போ எம்.ஜி.ஆருக்குக் காதோரம் குண்டு, ராதாவுக்கும் குண்டு. ஒருத்தரு குரல் போச்சு, ஒருத்தரு ஜெயிலுக்குப் போனாரு. கையில ஒண்ணும் இல்லாமப் போயிருந்தா கத்திட்டு வந்திருப்பாரு, ராதாவுக்குக் கத்தவா தெரியாது.

வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு ஒருத்தன் அழுதானாம். நீ வேட்டிய விட்டுட்டு கோட்டுக்கு வந்தது ஒண்ணுதான் வளர்ச்சி. வாங்குனப்புறம் குடையிறதையும் சொல்லிட்டா என் கடமை முடிஞ்சது. மெட்ரோவுல ஏறப் போனா சி.ஐ.எஸ்.எஃப். காரன் தடவுவான். மால்ல தடவுவான். இந்திரா காந்தி விமான நிலையத்துல, எப்பவோ பைக்குள்ள விழுந்து கெடந்த ஒத்தைத் தோட்டா ஸ்கேனர்ல தெரிஞ்சு, விமானத்தை விட்டுட்டு போலீஸ் ஸ்டேசன்ல உக்காந்தவங்க ஏராளம். தெரியாம இருந்தது, மனசறிஞ்சு வச்சது இல்லைன்னு தில்லி ஐகோர்ட்டு பல வழக்கைத் தள்ளுபடி பண்ணியிருக்கு. அது வரைக்கும் வக்கீலுக்கு ஃபீசு குடுக்கிறது யாரு? ஒவ்வொரு தடவை அந்தக் கோட்டை ட்ரை கிளீனிங்குக்குப் போடும்போதும் பாக்கெட்டைத் தொளாவணும். தேர்தல் வந்தா கொண்டுபோய் ஸ்டேசன்ல ஒப்படைன்னு நோட்டீசு வரும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். வீட்டுல பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும், பொண்டாட்டி கைக்கு எட்டாம வைக்கிறது அதை விட முக்கியம். உன் குடும்பத்துல யாரு கோபக்காரின்னு எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. உனக்கு என்ன அச்சுறுத்தல்னு மனுவுல எழுதச் சொல்வாங்க. என்ன எழுதுவ? போன வாரம் நீயே சொன்ன, ஆறு மாசமா ஒரு ஃபிளாட்டும் விக்கலை, வீட்டுக் கடன் தவணைக்காக பேங்க்குக்காரன் நாளைக்கு நாலு தடவை போன் போடுறான்னு. அதை எழுதி வையி, விசாரணைக்கு வர்ற போலீஸ்காரன் உனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் போவான்.

துப்பாக்கிக்குன்னு ஒண்ணேகால் லட்சம் ஒதுக்கி வச்சிருக்கேல்ல, அதுல ஒரு பிடி எடு. உங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு. உன்கிட்டச் சொன்னா நீ வேலையை விட்டுட்டு வருவேன்னு மறைக்கிறா. நிஜாமுதீன்ல திருக்குறள் எக்ஸ்பிரசைப் பிடிச்சு கோவில்பட்டியில இறங்கு. மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ஆபரேசன் முடிஞ்சு கட்டு அவுக்கிற அன்னைக்கு நல்ல கோட்டாப் போட்டுக்கிட்டு அவ முன்னால போய் நில்லு, தச்சுத் தாறது என் பொறுப்பு, கூலி வேண்டாம். டிக்கெட்டை இன்னைக்கே போடு, பொங்கல் கூட்டம் வந்துட்டா வெயிட்டிங் லிஸ்ட்டுதான்.